உட்கார்ந்திருப்பது படிப்பாகாது

 

எனக்கும் உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு முதலில் வஸிய்யத் செய்துகொள்கிறேன்.

சென்ற வாரம் புதன்கிழமை, அஸர் தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் ஒரு பையன் கடைசி ஸஃப்பில் தனியாக உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டாம் வகுப்பு மாணவன். அரையாண்டுத் தேர்வு முடிவு வந்திருந்தது. இரண்டு பாடத்தில் தேறவில்லை. பெயர் சொல்லாமல் மற்ற பிள்ளைகளுக்குப் பயன்படும்படி பேசலாமா என்று கேட்டு, அவன் சரி என்ற பிறகே இதைச் சொல்கிறேன்.

"ஏம்ப்பா, படிக்கலையா?" என்று கேட்டேன். "உட்கார்ந்திருந்தேன் ஹஜ்ரத்" என்றான். படித்தேன் என்று அவன் சொல்லவில்லை. உட்கார்ந்திருந்தேன் என்றான். பிறகு சொன்னான்: "அத்தா ஒர்க் ஷாப்புல வேலை பார்க்குறாங்க. கையில கிரீஸ் கறை போகவே போகாது. அந்தக் காசுலதான் எனக்கு டியூஷன். ராத்திரி வந்ததும் 'படிச்சியா'ன்னு கேப்பாங்க. 'மூணு மணி நேரம் படிச்சேன் அத்தா'ன்னு சொல்வேன். பொய் இல்ல ஹஜ்ரத். ஆனா உண்மையும் இல்ல."

அவன் கையில் ஒரு சின்ன நோட்டு இருந்தது. தேர்வு முடிவு வந்த அன்றிலிருந்து ஒரு வாரமாகத் தன் படிப்பைத் தானே கணக்கெடுத்து எழுதியிருக்கிறான். அந்த நோட்டில் நான்கு விஷயங்கள் இருந்தன. இன்றைய ஜும்ஆ உரைக்கு நான் கிதாபுகளைப் புரட்டுவதற்கு முன்னால், அந்தப் பிள்ளையின் நோட்டைத்தான் புரட்டினேன். உமர் (ரலி) அவர்கள், மறுமையில் விசாரிக்கப்படும் முன் உங்களை நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள் என்று உபதேசித்ததை நாம் கேட்டிருக்கிறோம். பதினேழு வயதுப் பிள்ளை அதைச் செய்திருக்கிறான். அவன் எழுதிய நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒன்று: உடல் இருந்தது, உள்ளம் இல்லை

முதல் பக்கத்தில் அவன் எழுதியிருந்தது: "மாலை 7 முதல் 10 வரை. போனை எடுத்தது 19 தடவை. படிச்சது 2 பக்கம்."

அன்பர்களே! காஃப் அத்தியாயத்தின் 37ஆவது வசனத்தில் அல்லாஹ் ஒரு நிபந்தனை வைக்கிறான். நல்லுபதேசம் யாருக்குப் பலன் தரும்? உள்ளம் உள்ளவருக்கு, அல்லது காதைக் கொடுத்து, மனத்தாலும் ஆஜராகி இருப்பவருக்கு. அந்த வசனத்தின் கடைசிச் சொல் 'ஷஹீத்'. அதாவது, அங்கே இருப்பவர். காது இருந்தால் மட்டும் போதாது, ஆளும் அங்கே இருக்க வேண்டும். குர்ஆனையே ஒருவர் மனம் அங்கில்லாமல் கேட்டால் அதன் பலனை இழக்கிறார் என்றால், வேதியியல் பாடத்தை மனம் அங்கில்லாமல் படித்தால் என்ன கிடைக்கும்?

எந்த மனிதனின் நெஞ்சிலும் அல்லாஹ் இரண்டு இதயங்களை வைக்கவில்லை என்ற கருத்து அஹ்ஸாப் அத்தியாயத்தின் 4ஆவது வசனத்தில் வருகிறது. அந்த வசனம் வளர்ப்பு மகன், மனைவியைத் தாயோடு ஒப்பிடுவது போன்ற சட்டங்களைப் பேசுகிற இடம். ஆனால் அதில் சொல்லப்பட்ட உண்மை நம் எல்லோருக்கும் பொருந்துகிறது. இருப்பது ஒரு உள்ளம். அதை ஒரே நேரத்தில் புத்தகத்துக்கும் போனுக்கும் கொடுக்க முடியாது. 19 தடவை எடுத்தால், 19 தடவை திரும்பி வர வேண்டும். ஒவ்வொரு முறையும் விட்ட வரியைத் தேட வேண்டும். அந்தத் தேடலிலேயே மூன்று மணி நேரம் போய்விடுகிறது.

அபூஹுரைரா (ரலி) அவர்களைப் பாருங்கள். அவர்கள் மதீனாவுக்கு வந்தது கைபர் போர் நடந்த ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு. நபி (ஸல்) அவர்களோடு இருக்கக் கிடைத்தது சில ஆண்டுகள்தாம். ஆனால் அவர்கள் வழியாக வந்த ஹதீஸ்கள் 5374 என்று அறிஞர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். எப்படி முடிந்தது? அவர்களே காரணம் சொல்கிறார்கள்: முஹாஜிர் சகோதரர்களுக்குக் கடைவீதி வேலை இருந்தது, அன்ஸார் சகோதரர்களுக்குத் தோட்டம் துரவு இருந்தது, நானோ வயிறு நிரம்பினால் போதும் என்று நபியவர்களை விட்டுப் பிரியாமல் இருந்தேன், அவர்கள் வராத இடத்தில் நான் இருந்தேன், அவர்கள் மனனமிடாததை நான் மனனமிட்டேன் என்ற கருத்து புகாரியில் பதிவாகியிருக்கிறது.

அது மட்டுமல்ல. இரவை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கு தூக்கம், ஒரு பங்கு தொழுகை, ஒரு பங்கு கேட்ட ஹதீஸ்களை நினைவுபடுத்திப் பார்ப்பது என்று வைத்திருந்ததாக தாரமியில் வருகிறது. தூக்கத்துக்கும் ஒரு பங்கு இருந்ததைக் கவனியுங்கள். தூங்காமல் படிப்பது வீரம் என்று நினைக்கிற பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

செவி, பார்வை, உள்ளம் ஆகிய ஒவ்வொன்றைப் பற்றியும் நாளை விசாரணை உண்டு என்று இஸ்ராஃ அத்தியாயத்தின் 36ஆவது வசனம் எச்சரிக்கிறது. நாம் அறிவைப் பெறும் வாசல்களும் இதே மூன்றுதான். கவனம் என்பது அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதை யார் யாருக்கோ அள்ளிக் கொடுத்துவிட்டு, கையை விரித்துக்கொண்டு நிற்கிறோம்.

இரண்டு: கேட்க வெட்கம்

இரண்டாவது பக்கம்: "கணக்குல மூணாவது பாடம் ஜூலையிலேயே புரியலை. எல்லாரும் தலையாட்டுனாங்க. நானும் ஆட்டினேன்."

ஜூலையில் ஒரு நிமிடம் கையைத் தூக்கியிருந்தால் முடிந்திருக்கும். அந்த ஒரு பாடத்தின் மேல்தான் அடுத்த ஐந்து பாடங்களும் கட்டப்பட்டிருக்கின்றன. அஸ்திவாரத்தில் விட்ட ஓட்டை மாடியில் விரிசலாக வந்து நிற்கிறது.

அன்ஸாரிப் பெண்களைப் பற்றி ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டிச் சொன்னார்கள்: மார்க்கத்தைக் கற்றுக்கொள்ள அவர்களுக்கு வெட்கம் தடையாக இருக்கவில்லை. உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் குளிப்புக் கடமையாவது பற்றி, மற்றவர்கள் கேட்கக் கூசும் கேள்வியை நபியவர்களிடமே நேரில் கேட்டார்கள். அந்த ஒரு கேள்வியால் உம்மத்துக்கே சட்டம் கிடைத்தது. வெட்கப்படுகிறவருக்கும் பெருமையடிக்கிறவருக்கும் கல்வி வராது என்ற கருத்தை தாபியீன்களில் ஒருவரான முஜாஹித் (ரஹ்) அவர்கள் சொன்னதாக இமாம் புகாரி (ரஹ்) எடுத்தெழுதுகிறார்கள். யோசித்துப் பாருங்கள், வெட்கமும் பெருமையும் வெளியில் வேறு வேறாகத் தெரிகின்றன. ஆனால் இரண்டுக்கும் பயம் ஒன்றுதான்: 'இவனுக்கு இது தெரியாது' என்று மற்றவர்கள் நினைத்துவிடக் கூடாது.

ஜிப்ரீல் (அலை) அவர்கள் மனித உருவில் வந்த பிரபலமான ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. வெள்ளை ஆடை, கறுத்த முடி. நபியவர்களின் முழங்காலோடு தம் முழங்காலைச் சேர்த்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். வஹீயைக் கொண்டு வருகிற மலக்கு, கற்றுக்கொள்கிறவரைப் போல் வந்து கேட்டார்கள், சபையில் இருந்தவர்கள் கற்றுக்கொள்வதற்காக. வகுப்பில் நீ கேட்கிற கேள்வி உனக்கு மட்டும் உரியதல்ல தம்பி. உன் பக்கத்தில் தலையாட்டிக்கொண்டிருக்கிற பத்துப் பேருக்கும் சேர்த்துத்தான் நீ கேட்கிறாய்.

அதே ஹதீஸில், மறுமை நாள் எப்போது என்று கேட்கப்பட்டபோது, கேட்பவரைவிடக் கேட்கப்படுபவர் அதை அதிகம் அறிந்தவரல்ல என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வது நபிவழி. ஆசிரியர்களும் பெற்றோரும் இதை நினைவில் வையுங்கள். 'இதுகூடத் தெரியாதா' என்று நாம் ஒருமுறை சிரித்துவிட்டால், அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு ஆண்டு முழுக்க வாயைத் திறக்கமாட்டான்.

இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், நபியவர்கள் வஃபாத்தான சமயத்தில் சிறு வயதினர். நபித்தோழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், வா, அவர்களிடம் கேட்டுப் படிப்போம் என்று ஒரு அன்ஸாரி இளைஞரை அழைத்தார்கள். இத்தனை பெரிய ஸஹாபாக்கள் இருக்கும்போது மக்களுக்கு உம்முடைய தேவை வருமா என்று கேட்டு, அந்த இளைஞர் வரவில்லை. இப்னு அப்பாஸ் (ரலி) தனியாகவே போனார்கள். ஒரு ஹதீஸ் ஒருவரிடம் இருக்கிறது என்று தெரிந்தால் அவர் வீட்டு வாசலுக்குப் போவார்கள். அவர் பகல் தூக்கத்தில் இருந்தால் எழுப்பமாட்டார்கள். மேலாடையைத் தலைக்கு வைத்து வாசலிலேயே படுத்திருப்பார்கள். காற்று அடித்து முகமெல்லாம் மண்ணாகும். பிற்காலத்தில் மக்கள் அவர்களைச் சூழ்ந்து நின்று பாடம் கேட்டதை அந்த அன்ஸாரி பார்த்துவிட்டு, இவர் என்னைவிட அறிவாளியாக இருந்தார் என்றாராம். ஹாகிம், தாரமி ஆகிய நூல்களில் வரும் சம்பவம் இது. நபியவர்களின் சிறிய தந்தையின் மகன் அடுத்தவர் வாசலில் மண்ணில் படுத்தார்கள். நமக்கு ஆசிரியர் அறை வரை நடப்பதற்குக் கூச்சம்.

மூன்று: கடைசி வாரப் படிப்பு

மூன்றாவது பக்கம்: "பரீட்சைக்கு முந்தின வாரம் எல்லாத்தையும் உள்ள போட்டேன். முதல் நாள் நைட்டு தெரிஞ்சது. காலையில பேப்பரைப் பார்த்ததும் காணோம்."

இங்கே ஒரு ஆச்சரியம். இந்தப் பிள்ளை சிறு வயதில் ஹிஃப்ளு வகுப்பில் நான்கு ஜுஸ்வு மனனம் செய்தவன். அவனிடம் கேட்டேன்: "குர்ஆனை இப்படித்தான் மனப்பாடம் பண்ணினாயா?" சிரித்துவிட்டான். ஹிஃப்ளு மதரஸாவில் என்ன நடைமுறை? தினமும் சிறிதளவு புதுப் பாடம். அதோடு, சமீபத்தில் முடித்ததைத் திரும்ப ஒப்பிக்க வேண்டும். அதோடு, பழைய ஜுஸ்வுகளிலிருந்து ஒரு பங்கு. பழையதில் தடுக்கினால் உஸ்தாத் புதுப் பாடம் தரமாட்டார். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, பார்க்காமல், இன்னொருவர் முன்னால் ஒப்பிக்க வேண்டும். குர்ஆனைப் பேணி வாருங்கள், கட்டிப்போட்ட ஒட்டகம் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுவதைவிட வேகமாக அது நழுவிவிடும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அல்லாஹ்வின் வேதமே திரும்பத் திரும்ப ஓதாவிட்டால் நழுவும் என்றால், இயற்பியல் சூத்திரம் ஒரே இரவில் எப்படித் தங்கும்?

முறை நம் கையில்தான் இருக்கிறது. நம் முன்னோர் மதரஸாக்களில் காத்து வந்த முறை அது. அதைப் பள்ளிப் பாடத்துக்கு எடுத்துக்கொண்டு போகத்தான் நமக்குத் தோன்றவில்லை.

இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வியாழன்தோறும் மக்களுக்கு உபதேசம் செய்வார்கள். தினமும் செய்தால் என்ன என்று ஒருவர் ஆசைப்பட்டுக் கேட்டார். உங்களைச் சலிப்படையச் செய்ய நான் விரும்பவில்லை, நபியவர்களும் எங்களுக்குச் சலிப்பு வந்துவிடும் என்று அஞ்சி, இடைவெளி விட்டுத்தான் உபதேசிப்பார்கள் என்று பதில் சொன்னார்கள் (புகாரி). நபியவர்களின் பேச்சைக் கேட்டுச் சலிக்க யாருக்காவது மனம் வருமா? இருந்தும் மனித மனத்தின் அளவறிந்து இடைவெளி விட்டார்கள். குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமானது என்பதும் நமக்குத் தெரிந்த ஹதீஸ்தான்.

தாஹா அத்தியாயத்தின் 114ஆவது வசனத்தை நாம் துஆவாக ஓதுகிறோம். கல்வியை அதிகமாக்கித் தா என்று கேட்கச் சொல்கிற வசனம். அதே வசனத்தின் முன்பகுதியில் என்ன இருக்கிறது தெரியுமா? வஹீ முழுமையாக வந்து முடியும் முன் அவசரப்பட வேண்டாம் என்று நபியவர்களுக்குச் சொல்லப்படுகிறது. முதலில் அவசரம் வேண்டாம். அதன் பிறகு, அதிகமாக்கித் தா என்ற துஆ. நாம் பின்பகுதியை மட்டும் பரீட்சை ஹாலில் ஓதுகிறோம்.

மூஸா (அலை) அவர்களின் சம்பவத்திலும் இதே பாடம். மக்களில் அதிகம் அறிந்தவர் யார் என்று கேட்கப்பட்டபோது 'நான்' என்றதற்காக, அல்லாஹ் அவர்களை இன்னொருவரிடம் படிக்க அனுப்பினான். களைத்துப் போகும் அளவுக்குப் பயணம் செய்து போனார்கள். உங்களைப் பின்தொடர்ந்து வரட்டுமா என்று அனுமதி கேட்டார்கள். கழிர் (அலை) அவர்கள் வைத்த நிபந்தனை பொறுமை ஒன்றுதான். அந்தப் பொறுமை மூன்று இடங்களில் தவறியது, பயணம் முடிந்தது. மூஸா பொறுத்திருந்தால் இன்னும் நிறைய நமக்குச் சொல்லப்பட்டிருக்குமே என்று நபி (ஸல்) அவர்கள் ஏங்கினார்கள்.

நான்கு: யாருக்காகப் படிக்கிறேன்?

கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி: "எதுக்குப் படிக்கிறேன்னு யாராவது கேட்டா, அத்தா திட்டுவாங்கன்னுதான் பதில் வருது."

சகோதரர்களே! இந்த வரி பிள்ளையை விட நம்மைத்தான் கேள்வி கேட்கிறது. பிள்ளைக்கு நாம் சொல்லிக் கொடுத்த காரணம் என்ன? பக்கத்து வீட்டுப் பையனின் மதிப்பெண்ணையா, அல்லாஹ்வின் பொருத்தத்தையா?

ஆலிம் என்று மக்கள் சொல்ல வேண்டும் என்பதற்காகக் கற்றவர், மறுமையில் முதலாவதாகத் தீர்ப்பளிக்கப்படும் மூவரில் ஒருவர் என்று முஸ்லிமில் வரும் ஹதீஸை நினைத்தால் என்னைப் போன்றவர்களுக்கு உடல் நடுங்க வேண்டும். பயனில்லாத கல்வியை விட்டு நபி (ஸல்) அவர்கள் பாதுகாப்புத் தேடினார்கள். அப்படியானால் பயனுள்ள கல்வி எது? தன் இபாதத்துக்குத் தேவையான மார்க்க அறிவு ஒவ்வொருவர் மீதும் கடமை. மருத்துவம், கணக்கு போன்றவை சமுதாயத்தில் சிலரேனும் கற்றே ஆக வேண்டிய ஃபர்ளு கிஃபாயா என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எழுதியிருக்கிறார்கள். பத்ருக் கைதிகளில் மீட்புப் பணம் இல்லாதவர்கள் அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்து விடுதலையானார்கள். போருக்கு வந்த எதிரியிடமிருந்தும் எழுத்தைப் பெற்றுக்கொண்ட சமுதாயம் நாம்.

ஆகவே தம்பி, நாளை ஒரு நோயாளியின் வலி தீர, ஒரு ஏழையின் வழக்கு ஜெயிக்க, உன் அத்தாவின் கைக்கு ஓய்வு கிடைக்க, அல்லாஹ்வுக்காக என்று நிய்யத் வைத்து நீ படித்தால், கணக்குப் புத்தகத்தின் முன் உட்காரும் நேரமும் உனக்கு நன்மையாக எழுதப்படும் என்று நம்பு. அந்த நிய்யத் வந்துவிட்டால் பார்த்து எழுதவும் மனம் வராது. ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்ல என்று நபியவர்கள் சொன்னது சந்தைக்கு மட்டுமல்ல, தேர்வறைக்கும் சேர்த்துத்தான்.

பெற்றோர்களே, ஒரு வேண்டுகோள். மதிப்பெண் குறைந்ததற்காக உயிரையே விட்ட பிள்ளைகளின் செய்தியை நாம் ஆண்டுதோறும் படிக்கிறோம். நம் பிள்ளை தோற்றுவிட்டு வந்து நிற்கிற முதல் நிமிடத்தில் நாம் பேசுகிற வார்த்தையை முன்கூட்டியே யோசித்து வையுங்கள். அந்தப் பையன் தேர்வுத்தாளைக் காட்ட வீட்டுக்குப் போகாமல் பள்ளிவாசலுக்கு வந்தான். அல்ஹம்துலில்லாஹ், நல்ல இடத்துக்குத்தான் வந்தான். எல்லாப் பிள்ளைகளும் அப்படி வருவார்களா?

இந்த வாரம் செய்ய வேண்டியவை

மாணவர்களே, நிறையச் சொல்லவில்லை.

ஃபஜ்ருக்குப் பிறகு அரை மணி நேரம், மிகக் கடினமான பாடத்துக்கு ஒதுக்குங்கள். என் உம்மத்தின் அதிகாலையில் பரக்கத் செய் என்று நபி (ஸல்) அவர்கள் துஆ செய்திருக்கிறார்கள் (அபூதாவூத், திர்மிதீ). அதை அறிவித்த ஸக்ர் (ரலி) அவர்கள் வியாபாரி. சரக்கை அதிகாலையில் அனுப்பி, அதனால் செல்வந்தரானார்கள்.

படிக்கும்போது போன் வேறு அறையில் இருக்கட்டும். தொழுகைக்கு நிற்கும்போது அதை அணைத்து வைக்கிற பழக்கம் நமக்கு இருக்கிறதே, அதேபோல.

மஃரிபுக்குப் பின் அன்றைய பாடத்தைப் புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லிப் பாருங்கள். முடிந்தால் ஒரு நண்பரோடு சேர்ந்து படியுங்கள். உமர் (ரலி) அவர்களும் அவர்களின் அன்ஸாரி அண்டை வீட்டாரும் முறை வைத்துக்கொண்டு, ஒரு நாள் ஒருவர் நபியவர்களின் சபைக்குப் போய் வந்து, கேட்டதை மற்றவருக்குச் சொல்வார்கள். வேலையும் நடந்தது, கல்வியும் நடந்தது. இஷாவுக்குப் பின் வீண் பேச்சை விட்டுத் தூங்குங்கள்.

பெரியவர்களே, இஷாவுக்குப் பின் நம் கையில் போன் இருந்தால் பிள்ளையிடம் 'படி' என்று சொல்லும் உரிமை பாதியாகிவிடுகிறது. அந்த நேரம் நாமும் அதை வைத்துவிட்டு, ஒரு பக்கம் குர்ஆனை எடுத்து உட்காருவோமே.

நேற்று அஸருக்கு அந்தப் பிள்ளை மறுபடி நோட்டைக் காட்டினான். "25 நிமிஷம். ஒரு கணக்கு. புரிஞ்சது" என்று எழுதியிருந்தான். ஜூலையில் விட்ட அந்த மூன்றாவது பாடத்தின் முதல் கணக்கு. அவன் அத்தாவிடம் தேர்வுத்தாளைக் காட்டிவிட்டானாம். அத்தா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லையாம். பிறகு, "சரி, நாளைக்கு எத்தனை மணிக்கு எழுப்பணும்?" என்று கேட்டாராம்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதைத் தாங்கும் பொறுமையையும், அதற்கேற்ற பணிவையும் தருவாயாக! எங்கள் செவியையும் பார்வையையும் உள்ளத்தையும் வீணாகாமல் காப்பாயாக! தோல்வியில் துவண்டு நிற்கும் பிள்ளைகளுக்கு உன் அருளின் வாசலைத் திறந்து, அவர்களின் பெற்றோருக்கு இரக்கத்தைத் தருவாயாக! கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும் உஸ்தாதுகளுக்கும் ஆயுளிலும் அமலிலும் பரக்கத் செய்வாயாக! ஆமீன், ஆமீன், யாரப்பல் ஆலமீன்.